மேனேஜர் பையர் மெயிலைக் காட்டுவதே இல்லை, பதறாமல் வேலை பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூன்று வருஷமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் வந்த புது மேனேஜர், பையர் மெயில்களில் என்னை சிசி வைப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் 'உனக்கு வேணுங்கறதை நான் சொல்றேன்' என்கிறார். சொல்வதும் கடைசி நேரத்தில்தான். தப்பு நடந்தால் பழி என் மேல். வீட்டுக்கு வந்தாலும் மனசு ஆபீஸிலேயே கிடக்கிறது. வேலையை விடும் நிலைமையும் இல்லை. எப்படி நிதானமாக இருப்பது?"

இதே ஊரில் இதே வேலையை, அதாவது பையர் என்கிற வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டரைச் சரக்கு கிளம்பும்வரை கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலையை, இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள் நான். கடைசி ஒன்பது வருஷம் மேனேஜர் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் இருக்கும் அடியை வாங்கியவளும் நான்தான், கொடுத்தவளும் நான்தான். கொடுத்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

தியானம் செய், மூச்சை இழுத்து விடு என்று ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் கட்டிங் மாஸ்டர் வெட்டுவதற்குத் துணியை அடுக்கி லே போட்டுவிட்டு, "ஏம்மா, அளவு மாறுதா, இதே போட்டுறலாமா?" என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மூச்சுப் பயிற்சியால் ஒரு பதிலும் வராது. நம் வேலையில் நிதானம் என்பது பாதி மனசில் இருக்கிறது, மீதி டி அண்ட் ஏ ஷீட்டில், அதாவது எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியவேண்டும் என்ற அட்டவணையில் இருக்கிறது. ஷீட் சரியாக இருந்தால் மனசு தானாக ஓரளவு அடங்கும். நான் அதை ரொம்பத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு சந்தேகம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் மறைக்கிறார் என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். நொய்யலில் கழிவு கலக்கக்கூடாது, ஒரு சொட்டும் வெளியே விடாத அளவுக்குச் சுத்திகரிப்பு வந்தால்தான் திறக்கலாம் என்று உத்தரவு. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அடைத்துக்கொண்டன. என்னுடைய இரண்டு ஆர்டர் நிட்டிங் முடிந்து, சாயத்துக்குப் போகாமல் கிரே துணியாகவே குடோனில் கிடந்தது. தினமும் காலையில் மேனேஜரிடம் போய் நிற்பேன்.

"சார், துணி எங்கே போகுதுங்க?"

"பாக்கலாம்மா."

பத்து நாள் இதே பேச்சு. மதியம் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். கீழே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு வயிறு எரிந்தது. இன்னொரு டீமின் துணியை எங்கேயோ அனுப்பிவிட்டு என்னை மட்டும் கழற்றி விடுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மாடியில் நின்று வெளியூர்ப் பட்டறை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு இடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவரும் தரவில்லை. என்னிடம் மறைக்க அவரிடம் எதுவுமே இல்லை. "எனக்கே தெரியலம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். மேனேஜர் ஆனவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். எனக்கும் பிற்பாடு சிக்கியது.

இன்னொரு வகை, சொல்லக்கூடாது என்று மேலிருந்து கட்டளை வந்திருப்பது. பையர் அடுத்த சீசனை பங்களாதேஷுக்கு மாற்றப்போகிறார் என்ற பேச்சு, விலை பேரம், யாருக்கு எவ்வளவு இன்கிரிமென்ட் போன்றவை. இவற்றைச் சொல்லாததற்காக அவர் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. மூன்றாவது, மறதி. ஒரு நாளைக்கு நூற்றைம்பது மெயில் பார்ப்பவர் ஃபார்வர்ட் பண்ண மறப்பார். எரிச்சல் வரும், ஆனால் வஞ்சகம் கிடையாது.

நாலாவது வகையும் இருக்கிறது, மறுக்கவில்லை. தன் கையில் மட்டும் விஷயம் இருந்தால்தான் தனக்கு மதிப்பு என்று நினைப்பவர்கள். ஆபீஸில் தெரிந்ததை மறைப்பது பற்றிக் கனடாவில் கேத்தரின் கானலி முதலான நால்வர் ஆராய்ந்து 2012-ல் எழுதினார்கள். மறைப்பது மூன்று விதம் என்றார்கள்: அப்புறம் தருகிறேன் என்று தட்டிக்கழிப்பது அல்லது அரைகுறையாகச் சொல்வது, தெரியாத மாதிரி நடிப்பது, காரணத்தைச் சொல்லியே மறுப்பது. மூன்றாவது வகைக்காரர் நேர்மையானவராகவும் இருக்கலாம். "அதை இப்போ சொல்ல முடியாதும்மா, எம்டி வேண்டாம்னுட்டார்" என்பவரை நம்பி வேலை பார்க்கலாம். நம் ஊரில் அதிகம் பார்ப்பது முதல் வகை. உங்கள் மேனேஜரும் அந்த ரகம்தான் என்று நீங்கள் எழுதியதிலிருந்து தோன்றுகிறது. ஆனாலும் எட்டு மாதமாக ஒவ்வொரு முறையும் அவர் வேண்டுமென்றேதான் செய்தார் என்று நான் நம்ப மாட்டேன். நீங்களும் அப்படி நம்பிவிட்டால் அவர் தும்மினாலும் உள்நோக்கம் தெரியும்.

இப்போது தூக்கம் ஏன் போகிறது என்று பார்ப்போம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரு சோதனை, 2016-ல் வெளியானது. 45 பேரைக் கணினி விளையாட்டு ஆட விட்டார்கள். திரையில் பாறை வரும், அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு ஷாக். வேர்ப்பது, கண்மணி விரிவது எல்லாவற்றையும் அளந்தார்கள். ஷாக் கட்டாயம் விழும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, விழுமா விழாதா என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. ஷிப்மென்ட் தள்ளிப்போச்சு என்று உறுதியாகத் தெரிந்த நாளில் நீங்கள் தூங்கியிருப்பீர்கள், யோசித்துப் பாருங்கள். தள்ளுமா தள்ளாதா என்று தெரியாத மூன்று ராத்திரிகள்தான் விழித்துக் கிடந்திருப்பீர்கள்.

தெரியாத இடத்தை மனசு சும்மா விடாது, எதையாவது போட்டு நிரப்பும். பெரும்பாலும் கெட்டதைப் போட்டு நிரப்பும். சில நேரம் நல்லதைப் போட்டும் நிரப்பும், அதுதான் அதைவிட ஆபத்து. எனக்கு நடந்தது அதுதான்.

அப்போது வேறு ஒரு கம்பெனியில் இருந்தேன். லேடீஸ் டி-ஷர்ட், 4,800 பீஸ். நேரமில்லாததால் பிபி சாம்பிள் (பல்க் என்கிற மொத்தத் தையலுக்கு முன் பையர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய மாதிரி) அப்ரூவலுக்குப் போயிருக்கும்போதே ரிஸ்க்கில் கட்டிங் போட்டுவிட்டோம். ஒரு நாள் மேனேஜர் என் சீட்டைத் தாண்டிப் போகிற போக்கில், "பிபி அப்ரூவ் ஆயிருச்சு, ஓட்டச் சொல்லிரு" என்றார். எனக்குச் சந்தோஷம். மெயிலைக் கேட்கவில்லை. ஷீட்டில் கமெண்ட்ஸ் என்ற கட்டத்தில் 'நில்' என்று அடித்தேன். ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில் அடித்த இங்கிலீஷ் 'நில்'. தமிழில் படித்திருந்தால் நின்றிருப்பேன்.

மூன்றாம் நாள், பையர் சார்பில் தரம் பார்க்கும் பையிங் ஆபீஸ் கியூசி, தையல் ஓடும்போதே பார்க்கும் இன்லைன் செக்கிங்குக்கு வந்தார். ஒரு பீஸை எடுத்துக் கழுத்து ரிப் பட்டையில் டேப்பை வைத்தார். ஒன்றரை சென்டிமீட்டர். தன் ஃபைலைப் பார்த்தார். மறுபடி டேப்பை வைத்தார். "மேடம், ரிப் ரெண்டு சென்டிமீட்டர்ல?" அப்ரூவல் வந்தது உண்மைதான், ஆனால் கமெண்ட்டோடு வந்திருக்கிறது: நெக் ரிப்பை 2 செ.மீ. ஆக்கி பல்க் ஓட்டவும். அந்த ஒரு வரி மேனேஜரின் இன்பாக்ஸிலேயே இருந்துவிட்டது. 1,100 பீஸ் தைத்தாகிவிட்டது. ஹெல்பர் அக்காமார் எட்டு பேர் தரையில் உட்கார்ந்து கழுத்துத் தையலைப் பிரித்தார்கள். டி-ஷர்ட் துணியான சிங்கிள் ஜெர்சியில் ஓவர்லாக் தையலைப் பிரித்தால் கழுத்து இழுத்துக்கொண்டு அலை அலையாக நிற்கும், ஊசி ஓட்டை தெரியும். பிரித்துத் தைத்ததில் நிறைய பீஸ் செகண்ட்ஸ் என்கிற குறைச் சரக்காகப் போனது. மீட்டிங்கில் மேனேஜர் சொன்னார்: "அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ்னு சொன்னேனே."

அவர் சொல்லவில்லை, பொய் சொன்னார். பல வருஷம் அந்தப் பொய்யையே மென்றுகொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் பழைய ஷீட்டைத் திறந்து பார்த்தபோது உறைத்தது. அந்தக் கட்டத்தில் 'நில்' என்று அடித்தது என் கை. வராத தகவலை வந்துவிட்டதாகக் காட்டியது நான். அன்று அதைக் காலியாக விட்டு, சிவப்பு அடித்து, "கமெண்ட் ஷீட் வரவில்லை" என்று எழுதி வைத்திருந்தால் கட்டிங் மாஸ்டர் கேட்டிருப்பார், லைன் சூப்பர்வைசர் கேட்டிருப்பார், அந்த மீட்டிங்கில் நான் வாயடைத்துப் போயிருக்க மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். காலியான கட்டத்தைக் காலியாகவே வையுங்கள். ஊகத்தால் நிரப்பாதீர்கள், ஷீட்டிலும் சரி, தலையிலும் சரி.

ஷீட்டில் எப்படி என்றால், லேப் டிப் (சாய நிற மாதிரி), ஃபிட் (பொருத்தம் பார்க்கும் மாதிரி), சைஸ் செட் (எல்லா அளவுக்குமான மாதிரி), பிபி என்று தேதி போட்டு வைத்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் இரண்டு கட்டம் சேருங்கள். ஒன்றில் 'தகவல் யாரிடம்', மற்றதில் 'எந்தத் தேதிக்குள் வேண்டும்'. வராதது சிவப்பு. வாய்மொழியாக வந்தது மஞ்சள். எழுத்தில் பார்த்தது மட்டும் பச்சை. மஞ்சளை நம்பிக் கட்டிங் போடக்கூடாது. இந்த ஷீட்டைத் தினமும் சாயங்காலம் மேனேஜருக்கு அனுப்புங்கள். புகார் வேண்டாம், வழக்கமான ரிப்போர்ட் மாதிரியே போகட்டும். முதல் வாரம் திறந்தே பார்க்க மாட்டார். அனுப்பிக்கொண்டே இருங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "என்னை ஏன் சிசி வைக்கறதில்லைங்க சார்?" என்று கேட்டால் அது உரிமைச் சண்டையாகிவிடும், பதில் சொல்லாமல் தப்பிக்க அவருக்கு வழி திறந்துவிடும். "எல்லா மெயிலும் எனக்கும் வரணும்" என்பதும் அப்படித்தான். உங்கள் வேலை நிற்கும் இடத்தை மட்டும் பிடித்துக் கேளுங்கள். நான் அனுப்பும் மெசேஜ் இந்த மாதிரி இருக்கும்:

"சார், கறுப்பு ஸ்டைலுக்கு பிபி கமெண்ட் ஷீட் இன்னும் பார்க்கவில்லை. வியாழன் காலை 10 மணிக்குக் கட்டிங். புதன் சாயங்காலத்துக்குள் ஷீட் வந்தால் திட்டப்படி போகும். வராவிட்டால் கட்டிங்கை நிறுத்தட்டுமா, இருக்கிற அளவிலேயே போடட்டுமா என்று ஒரு வரி சொல்லுங்கள்."

இதில் குற்றச்சாட்டு எங்கேயும் இல்லை. ஆனால் முடிவு எடுக்கும் பொறுப்பு அவர் கைக்குப் போய்விட்டது. "இருக்கற அளவிலேயே போடு" என்று வாயால் சொன்னால், சீட்டுக்கு வந்து "நீங்கள் சொன்னபடி இருக்கிற அளவிலேயே போடுகிறோம்" என்று ஒரு வரி மெயில் தட்டிவிடுங்கள். எம்டியை சிசி வைக்காதீர்கள். ஆத்திரத்தில் ஒருமுறை நான் வைத்தேன், ஆறு மாதம் மேனேஜர் என்னோடு நேராகப் பேசவில்லை. இருந்த கொஞ்சம் தகவலும் போனது.

மேனேஜர் ஒருவர்தான் கிணறு என்று நினைக்கவும் வேண்டாம். கலர் நிலவரம் டையிங் மாஸ்டருக்குத் தெரியும். எந்த ஸ்டைல் அவசரம் என்பதை சாம்பிள் ரூம் டெய்லரைக் கேட்டால் மேனேஜருக்கு முன்னால் சொல்வார், அவருக்குத்தானே முதலில் வேலை வருகிறது. பையிங் ஆபீஸ் கியூசி தன் ஃபைலில் என்ன வைத்திருக்கிறார் என்று அவர் வரும்போது முறையாகக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு நடந்த கதையில் அந்த ஃபைல் முன்கூட்டியே என் கண்ணில் பட்டிருந்தால் 1,100 பீஸ் பிழைத்திருக்கும். ஆனால் மேனேஜரைத் தாண்டிப் பையருக்கே மெயில் போடும் எண்ணம் வந்தால் அன்று மட்டும் கீபோர்டைத் தொடாதீர்கள். கம்பெனிக்குள் என்ன குழப்பம் என்று பையருக்குக் காட்டிக்கொடுத்ததாக ஆகும், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் நிற்காது. டீக்கடைத் தகவல் பற்றி ஒரு வார்த்தை. அது பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. டீயோடு குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனித் தலைக்குள் இருக்கும் ஷீட். ஒரு சின்ன நோட்டில் நடுவே கோடு போட்டு இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது' என்று எழுதினேன். பார்த்தது: மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து சீட்டுப் பெண்ணோடு அரை மணி நேரம் பேசினார். நினைத்தது: என் பையரை அவளுக்குக் கொடுக்கப்போகிறார்கள். (அவள் கல்யாண லீவ் கேட்டிருக்கிறாள்.) ஒரு மாதம் கழித்து வலது பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். பதினேழு வரி இருந்தது, இரண்டுதான் பலித்திருந்தது. அந்த இரண்டும் நான் நினைத்த அளவுக்கு மோசமாக வரவில்லை. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் படிக்கும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முழுசாக விட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போகுமுன் நாளைக்குச் சிவப்பாக நிற்கப்போகும் கட்டங்களை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தச் சீட்டு அங்கேயே இருக்கும் என்பதால் பஸ்ஸில் அதைச் சுமக்க வேண்டியதில்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை ஊமையாக்கிவிடுங்கள். ஐரோப்பா பையர் மெயில் நமக்கு ராத்திரி வரும் என்பது தெரியும், ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு யாரும் கட்டிங் போடுவதில்லை.

இவ்வளவு செய்தும் மாறாமல் போகலாம். இரண்டு மாத ஷீட் கையில் இருந்து, எந்தச் சிவப்பு எத்தனை நாள் நின்றது, அதனால் என்ன ஆனது என்று காட்ட முடிந்தால் அப்போது ஜிஎம்மிடமோ எம்டியிடமோ போகலாம். மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். "தகவல் இன்ன தேதிக்கு வந்தால் இன்ன ஏர் ஷிப்மென்ட் தவிர்த்திருக்கலாம்" என்று ஆரம்பியுங்கள். கடலில் போகவேண்டிய சரக்கு ஏரில் போனால் லாபம் எங்கே போகும் என்று முதலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: ஆதாரம் சேர்க்கிறேன் என்று ஆபீஸ் மெயிலை உங்கள் சொந்த ஐடிக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அவர் தப்பு பின்னுக்குப் போய், உங்கள் தப்பு முன்னால் வந்து நிற்கும். தேதி போட்ட உங்கள் நோட்டு போதும்.

உங்களுக்கே தெரியாமல் உங்களை வைத்துத் தப்பான தேதியோ தப்பான டெஸ்ட் ரிப்போர்ட்டோ பையருக்கு அனுப்ப வைக்கிறார் என்றால் கதை வேறு. அப்போது நிதானம் பற்றி யோசிக்காமல் வேறு இடம் பாருங்கள், சத்தமில்லாமல். மூன்று வருஷ அனுபவம் உள்ள மெர்ச்சண்டைசரை இந்த ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

கொடுத்த கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. மேனேஜராகி இரண்டாவது வருஷம். என்னிடம் ஒரு சின்னப் பெண் ஜூனியராக வந்தாள், கோபிச்செட்டிபாளையம் பக்கம். பளிச்சென்று வேலை செய்வாள், பையரே அவள் பெயரைச் சொல்லி மெயில் போட ஆரம்பித்தார். அடுத்த வாரமே அவளைச் சிசியிலிருந்து எடுத்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் "அவளுக்கு வேலை அதிகம், குழப்ப வேண்டாம்னு பாத்தேன்" என்று சொல்லியிருப்பேன். அதை நானே நம்பியும் இருப்பேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் ஷீட் அனுப்பினாள். ஆறு கட்டம் காலி. ஆறுக்கும் பக்கத்தில் 'தகவல் யாரிடம்' என்ற இடத்தில் என் பெயர். எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"என்னம்மா இது, என்னைக் குத்திக் காட்டறியா?"

"இல்லீங்க மேடம். எனக்குத் தெரியலீங்க, அதனால காலியா விட்டுட்டேன்."

அவள் முகத்தில் பயமும் இல்லை, திமிரும் இல்லை. போகச் சொன்னேன். ஷீட்டை மறுபடி பார்த்தேன். நாலு மெயிலை அப்போதே ஃபார்வர்ட் செய்தேன். ஐந்தாவதைத் தேடினால், நானே இன்னும் திறந்து பார்க்காமல் வைத்திருக்கிறேன். ஆறாவது விலை விவகாரம், எம்டி சொல்லாமல் அனுப்ப முடியாது. அந்தக் கட்டத்தில், "இப்போது சொல்ல முடியாது, பதினைந்தாம் தேதிக்கு மேல் கேள்" என்று அடித்துத் திருப்பி அனுப்பினேன். பதினாறாம் தேதி காலையில் வந்து கேட்டாள்.